சரளைக் குழிக்குப் பின்னால்

எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் மானை எங்கே சுட்டாய் என்று கேட்டால் பொய்தான் சொல்வான். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆற்றுக்கு வடக்கே என்றால் தெற்கே என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேட்டில் என்றால் பள்ளத்தில். கேட்காமல் விட்டால் மதிக்கவில்லை என்று வருத்தப்படுவார்கள். கேட்டு, அவன் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் அதைவிடச் சங்கடம். காடு அரசாங்கத்துடையது. யாரும் எங்கும் போய் நிற்கலாம். அதனால் ஒருவனுக்கென்று சொந்தமாக இருப்பது அவன் சொல்லாத இடம் மட்டும்தான்.

ரெய்னோ சாரெலாவுக்கு இடம் தேடும் தொல்லை இருந்ததே இல்லை. அவன் அப்பா காலத்திலிருந்தே காகிதக் கம்பெனியின் காட்டில்தான் வேட்டை. கம்பெனிக்காரர்கள் யாரையும் தடுத்ததில்லை. இந்த வசந்தத்தில் அந்தக் காடு கை மாறியது. பனி கரைந்து பாதை வெளியே தெரிந்தபோது அதன் குறுக்கே ஒரு புதுச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

சங்கிலி வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் லாரியில் மரம் ஏற்றும்போது ஒரு மேப்பிள் கட்டை உருண்டு ரெய்னோவின் இடது காலில் விழுந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. கதவைத் திறப்பதுபோல அந்தக் காலை வெளிப்பக்கம் வீசி வீசி நடப்பான்.

தெற்கே கிரீன் பே நகரத்தில் இருக்கும் மகள் கரோல் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள். அவள் வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறை தயாராக இருந்தது. படி ஏற வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் கார்கள் நிறுத்தும் இடம்.

"இந்த சீசன் பாப்போம்," என்று ரெய்னோ ஒரு நாள் மகளிடம் சொல்லிவிட்டான். "மான் ஒண்ணு கெடச்சா இங்கயே கெடக்கோம். கெடைக்கலேன்னா வந்துர்றோம். காட்டுக்குள்ள போக முடியாதவன் காட்டுக்குப் பக்கத்துல எதுக்குக் குடியிருக்கணும்?"

அவன் மனைவி ஹெல்மி அப்போது அடுப்படியில் ஏலக்காய் ரொட்டிக்கு மாவைச் சடைபோலப் பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஆனால் அன்று பின்னல் கோணலாக வெந்தது. அவன் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது, அடுத்த வாரம் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கியபோது தெரிந்தது. சோப்புப் பெட்டி, பீச் பழ டப்பா வந்த பெட்டி, இரண்டு சிகரெட் பெட்டிகள். துடைப்பம் எடுக்கக் குனியும்போதெல்லாம் அவை ஹெல்மியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்குக் கோழிகள் இருந்தன. முற்றத்துக் கோடியில் ஃபின்லாந்து வழக்கப்படி கட்டிய சவுனா, நீராவிக் குளியல் அறை, இருந்தது. பெரிய ஏரியிலிருந்து காலையில் ஏறிவரும் மூடுபனி கோழிக்கூடு வரைக்கும் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று யோசிப்பதுபோல் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பார்க்காமல் ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் கரோலிடம் சொன்னால் சிரிப்பாள்.

அக்டோபர் முழுக்க இருவரும் தங்கள் சின்ன லாரியில் அரசாங்கக் காட்டைச் சுற்றினார்கள். ஹெல்மி ஓட்டுவாள். ரெய்னோ கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிரைப் பொருட்படுத்தாமல், முகத்தை வெளியே நீட்டியிருப்பான். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி ஒவ்வொரு இலையாக உதிர்த்துக்கொண்டிருந்தன. லாரி போகிற வேகத்துக்கு அந்த இலைகள் கீழே விழாமல் கூடவே வருவதுபோல் இருக்கும்.

"நிறுத்து, நிறுத்து. அந்த ஆல்டர் குச்சியப் பாரு. ஆண் மான் கொம்பால தேச்சுருக்கான்."

ஹெல்மி நிறுத்தினாள். மரப்பட்டை உரிந்து உள்சதை ஈரமாகப் பளபளத்தது. ரெய்னோ இறங்கி, காலை வீசி வீசிப் போய்த் தொட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"என்ன?"

"மரத்து மேல ஒருத்தன் ஏற்கெனவே ஒளிஞ்சு உக்காரப் பலகை அடிச்சு வச்சுருக்கான். உக்காந்து பீர் குடிச்சுருக்கான், டப்பா கெடக்கு."

"அவன் இடமாயிருமா அது? காடு எல்லாருக்கும் பொதுதானே?"

"பொதுதான். அதுக்காக அடுத்தவன் மடியில போய் உக்கார முடியுமா?"

எல்லா இடமும் இப்படித்தான். ரோட்டுக்குப் பக்கத்தில் தடம் இருந்தால் மனிதர்களும் இருந்தார்கள். டயர் தடம், மரத்தில் கட்டிய ஆரஞ்சு நாடா, சிகரெட் துண்டு. மனிதர் போகாத இடமென்றால் தேவதாருச் சதுப்பைத் தாண்டிப் போக வேண்டும். முழங்கால் மடங்குகிறவனுக்கே அங்கே மூச்சு வாங்கும்.

"கால் நல்லா இருந்தா சதுப்புக்கு அந்தாண்ட போயிருப்பேன்," என்பான் ரெய்னோ, ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது. வண்டி விளக்கு வெளிச்சத்தில் இலைகள் பறந்துகொண்டே இருக்கும்.

அந்த மாதக் கடைசியில் அர்மாண்ட் காப்பி குடிக்க வந்தான். மூன்றாவது வீட்டுக்காரன், பிரெஞ்சு வம்சம், மனைவியை இழந்தவன். ரெய்னோவும் அவனும் ஒரே மரம்வெட்டிக் கும்பலில் வேலை பார்த்தவர்கள். ஒருவனை ஒருவன் திட்டாமல் ஒரு கோப்பை காப்பி முடித்ததில்லை.

"என்னடா, இன்னும் ஊர் சுத்திக்கிட்டுதான் இருக்கியா?" என்றான் அர்மாண்ட். "பெட்ரோல் போட்ட காசுக்கு ஒரு மாடே வாங்கியிருக்கலாம்."

"நீ போன வருஷம் சுட்டத மான்னு சொன்னா மாடே சிரிக்கும். முயலுக்குக் கொம்பு மொளச்ச மாதிரி இருந்துச்சு."

அர்மாண்ட் சிரிக்கவில்லை. ரொட்டியைக் காப்பியில் நனைத்தான். நனைந்த துண்டு உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சரளைக் குழிக்குப் பின்னால போ."

"எங்க?"

"எல்லாரும் வண்டி நிறுத்துவானுங்களே, அந்தக் குழி. வண்டிய நிறுத்திட்டு எல்லாவனும் முன்னால பாத்து நடந்து சதுப்புக்குள்ள போயிர்றான். ஒருத்தனும் திரும்பிப் பாக்குறதில்ல. குழிக் கரைமேல ஏறுனா பழைய பண்ணை ஒண்ணு இருந்துச்சு. வரி கட்டாம அரசாங்கத்துக்குப் போனது. வீடு இல்ல, ஆப்பிள் மரம் மட்டும் நிக்குது. கூட்டம் சதுப்புக்குள்ள நொழஞ்சதும் மானெல்லாம் அங்கதான் வந்து நிக்கும். வண்டியிலேருந்து கூப்பிடு தூரம். நீ நொண்டிக்கிட்டே போயிரலாம்."

ரெய்னோ மேசையைத் தட்டிச் சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"வண்டி நிறுத்துற எடத்துல மான்! அடேய், கொஞ்சம் நம்புற மாதிரியாவது சொல்லக் கூடாதா?"

அர்மாண்ட் எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று ஹெல்மியை ஒரு தடவை பார்த்தான்.

அவன் போனதும் ரெய்னோவுக்குக் குரலே மாறிவிட்டது. கரண்டியால் மேசைமேல் கோடு போட்டான்.

"ரோட்டோரம்னு சொல்றான். அப்ப ரொம்ப உள்ளே. குழிக்குப் பின்னாலன்னா முன்னால. ஆப்பிள் மரம்னா தண்ணி. ஹெல்மி, பிரெஞ்சுக்காரன் மான் வச்சுருக்குறது ஹெரான் ஏரியில."

"அவன் உண்மையச் சொல்லியிருந்தா?"

"அர்மாண்டா?" ரெய்னோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "உண்மை சொல்ற அளவுக்கு அவனுக்கு எம்மேல என்ன கோபம்?"

அடுத்த நாள் ஹெல்மி கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வருவதற்குள் ரெய்னோ தனியாக லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பகலெல்லாம் மழையும் பனியும் கலந்து பெய்தது. பொழுது சாயும் நேரத்தில் வண்டி முற்றத்துக்கு வந்து, விளக்கு அணையாமல் அப்படியே நின்றது. ஹெல்மி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ரெய்னோ இடுப்புவரைக்கும் கறுப்புச் சேறாக உட்கார்ந்திருந்தான். ஏரிக்குப் போகும் வழியில் பாசி மூடிய பள்ளத்தில் அந்தக் கால் இறங்கி மாட்டிக்கொண்டது. மடங்காத காலை எப்படி மேலே இழுப்பது? ஒரு விழுந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்திருக்கிறான்.

"அங்க படுத்துக்கிட்டு மேல பாத்தேன்," என்றான், அவள் வெந்நீரில் காலைக் கழுவும்போது. "தேவதாரு உச்சியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குனிஞ்சு பேசிக்கிட்டிருந்துச்சு. இப்படியே தூங்கிரலாம்னு தோணுச்சு. குளிரவே இல்ல, ஹெல்மி."

ஹெல்மி கழுவுவதை நிறுத்தவில்லை. முழங்கால் பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது.

"நாளைக்குப் பெட்டியெல்லாம் எடுத்து வை," என்றான்.

மறுநாள் ஹெல்மி பெட்டியை எடுக்கவில்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்து பாஸ்டி சுட்டாள். இரண்டைத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அர்மாண்ட் வீட்டுக்கு நடந்தாள். அன்று மூடுபனி நகரவே இல்லை. வழியிலிருந்த வேலியும் தபால் பெட்டியும் ஒவ்வொன்றாக வந்து, அவளைப் பார்த்துவிட்டு, பின்னால் கரைந்துபோயின.

அர்மாண்ட் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"குழிக்குப் பின்னால நீ சொன்னது நெசமா?" அவள் வேறு எதுவும் பேசவில்லை.

அவன் கோடரியைக் கட்டைமேல் நட்டான். அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை, மூடுபனிதான்.

"நெசம்தான்."

"அவன் நம்பல. ஏரிக்குப் போயி சேத்துல மாட்டிக்கிட்டான். சாகக் கெடந்தான்."

அர்மாண்ட் துணியைப் பிரித்து பாஸ்டியைக் கையில் வைத்துச் சூடு பார்த்தான். தின்னவில்லை. "வாழ்க்கையில ஒரே ஒருதடவ ஒரு மனுசனுக்கு என் இடத்தச் சொன்னேன். என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. சிரிச்சுட்டான்."

"எதுக்குச் சொன்ன? அது உன் இடம்."

"நான் சதுப்புக்குள்ள நடந்துக்குவேன். எனக்கு ரெண்டு காலும் மடங்குது." மூக்கை உறிஞ்சினான். "அவன் கிரீன் பே போயிட்டான்னா, நான் யாருகிட்டப் பொய் சொல்றது?"

ஹெல்மி விறகுக் குவியலில் உட்கார்ந்தாள். ஈரம் பாவாடையில் ஏறியது. அவள் யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அப்ப வந்து பொய் சொல்லு."

"என்ன?"

"உண்மையத்தான் அவன் நம்பமாட்டேங்குறானே. குழிக்குப் போகாதே, அங்க ஒண்ணும் இல்லன்னு வந்து சொல்லு. ஏரிக்குப் போன்னு சொல்லு."

அர்மாண்ட் அவளையே பார்த்தான். அவன் மீசைக்குள் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, வெளியே வராமல் திரும்பிப் போனது.

"ஃபின்லாந்துக்காரிங்க எல்லாருமே இப்படித்தானா?"

"பாஸ்டி ஆறுது. தின்னு."

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் அர்மாண்ட் வந்தான். ரெய்னோ காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி துடைக்காமல் சுவரில் தொங்கியது. அர்மாண்ட் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். பொய் சொல்வதில் ஊரிலேயே கெட்டிக்காரன். அன்று பாவம், அவனுக்கு வாய் வரவில்லை.

"கால் எப்படிடா இருக்கு?"

"ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஏரிப்பக்கம் போனியாமே. நல்ல இடம்டா அது. திரும்பப் போ. விடாத."

ரெய்னோ நிமிர்ந்தான்.

"அந்தக் குழி..." அர்மாண்ட் தொண்டையைச் செருமினான். "நான் சும்மா சொன்னேன். அங்க ஒண்ணும் இல்ல. ஒரு தடம்கூடக் கெடையாது. அங்க மட்டும் போயிராத. நாளு வீணாப் போயிரும்."

"ஆப்பிள் மரம் இருக்குன்னியே?"

"பட்டுப்போச்சு. எல்லாம் பட்டுப்போச்சு." அவன் காது சிவந்திருந்தது. "காப்பி வேணாம் ஹெல்மி, வேலை கெடக்கு."

கதவு சாத்தியது. ஹெல்மி பாத்திரம் தேய்ப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றாள். கடைசியில் பின்னாலிருந்து துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது.

"எண்ணெய்த் துணி எங்க வச்ச?"

"எதுக்கு?"

"காது செவந்துருச்சு, பாத்தியா? உடம்பே ஆடிப்போச்சு அவனுக்கு. அன்னிக்கு வாய் தவறி உண்மையச் சொல்லிட்டான். இப்ப வந்து மறைக்கப் பாக்குறான்." ரெய்னோவின் முகம் பையன் முகமாகியிருந்தது. "குழிதான், ஹெல்மி. குழிதான்."

நவம்பர் பதினைந்து விடிவதற்குமுன் சரளைக் குழியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. இரவெல்லாம் பனி விழுந்திருந்தது. கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன. ஆரஞ்சுக் கோட்டுக்காரர்கள் கைவிளக்கைத் தரைக்கு மட்டும் காட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் சதுப்பை நோக்கிப் போய் இருட்டில் மறைந்தார்கள். அவர்களில் அர்மாண்டும் இருந்தான். சாரெலா வண்டியைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனான்.

கடைசி விளக்கும் அணைந்தபிறகு ரெய்னோ இறங்கினான். எல்லாரும் போன திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். ஹெல்மி கண்ணாடி வழியே பார்த்திருந்தாள். அவன் காலை வீசி வீசிக் கரைமேல் ஏறினான். பனியில் ஒரு பக்கம் அடிச்சுவடு, ஒரு பக்கம் வீசிய கால் இழுத்த பிறை. மேலே போனதும் அவனைக் காணவில்லை.

கரைக்கு அப்பால் காற்றே இல்லை. ஆப்பிள் மரங்கள் வெள்ளையில் கறுப்பாக, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. ஒன்றும் பட்டுப்போகவில்லை. உதிராத பழங்கள் உச்சிக் கொம்புகளில் சுருங்கித் தொங்கின. விழுந்தவை பனிக்குக் கீழே புளித்துப் பழைய ஒயின்போல மணத்தன. அந்த வாசனையிலேயே ரெய்னோவுக்குக் கண் சொக்கியது.

உட்கார இடம் தேடினான். இரண்டாகக் கிளைத்த ஒரு மரத்தின் நடுவே பலகை ஒன்று அடித்திருந்தது. கையால் பனியை வழித்துவிட்டு உட்கார்ந்தான். இடது காலை எங்கே வைப்பது என்று துழாவியபோது ஏதோ தட்டுப்பட்டது. பலகைக்கு முன்னால், இடது பக்கமாக, ஒரு கட்டை நட்டிருந்தது. அதன் தலையில் கோணிச்சாக்கை மடித்து ஆணி அடித்திருந்தது. அவன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். உயரம் சரியாக இருந்தது. அளவெடுத்ததுபோல் இருந்தது.

வெளிச்சம் வரவர அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மரம் வெட்டிப் பிழைத்தவன். ரம்பம் பட்ட முகம் நேற்று வெட்டியதா, போன மாதம் வெட்டியதா என்று தெரியாதா? சாக்கின் ஓரத்தில் தெரிந்த வெட்டு வாய் கறுத்து, மயிரிழைபோல வெடித்திருந்தது. அர்மாண்ட் காப்பியில் ரொட்டி நனைத்த நாளுக்கும் முந்தினது அது.

அதன்பிறகு அவன் வேட்டையை மறந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பனி மறுபடி விழத் தொடங்கியது. துப்பாக்கிமேல், கைமேல், காலின்மேல். இங்கே ஒரு வீடு இருந்தது. யாரோ இந்த மரங்களை நட்டு, பிள்ளைகளுக்குப் பழம் பறித்திருப்பார்கள். அவர்கள் எழுந்து அடுப்பு மூட்டுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. தூரத்தில் சதுப்புக்குள் ஒரு வேட்டுச் சத்தம், பஞ்சில் விழுந்ததுபோல. பிறகு இன்னொன்று.

மான் வந்ததை அவன் பார்க்கவில்லை. ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது. பனி மெலிந்தபோது, மரங்களில் ஒன்று தலை தூக்கியது. கொம்புகளுக்கிடையில் பனித் துகள் அப்படியே கிடந்தது. அது முன்னங்காலால் பனியைக் கிளறி ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ரெய்னோ அது விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தான்.

குழியில் லாரிக்குள் ஹெல்மி காப்பியைக் குடுவை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேட்டு மிக அருகில் கேட்டது. காப்பி முழுதும் மடியில் கொட்டியது. அவள் சூட்டை உணராமல் காது கொடுத்துக் காத்திருந்தாள். இரண்டாவது சத்தம் வரவில்லை. அப்புறம் கரைமேல் ஓர் ஆரஞ்சு நிறம் தோன்றிக் கையசைத்தது.

இருவருமாகக் கயிறு கட்டி இழுத்தார்கள். சரிவு என்பதால் பனியில் தானாகவே வழுக்கி வந்தது. இழுப்பதற்குமுன் ரெய்னோ வேட்டை உரிமச் சீட்டை மானின் கொம்பில் கட்டியிருந்தான். குடலை மட்டும் அங்கே எடுக்க விடவில்லை.

"காக்கா கூடிரும். ஊருக்கே காட்டிக் குடுத்துரும். வேற எங்கயாவது போயி எடுப்போம். ரத்தத்துமேல பனியத் தள்ளு. அந்தப் பக்கமும் தள்ளு."

"யாரு பாக்கப்போறா?"

"தள்ளு ஹெல்மி." அவனும் காலால் பனியைத் தள்ளினான். "அது ஒருத்தனோட இடம்."

சனிக்கிழமை சவுனா நாள். அர்மாண்டும் வந்தான். அவனுக்கு அந்த ஆண்டு மான் கிடைக்கவில்லை. முற்றத்து மேப்பிள் கிளையில் ரெய்னோவின் மான் உறைந்து தொங்கியது. பின்தொடை ஒன்று ஏற்கெனவே அறுத்து, துணியில் சுற்றி, அர்மாண்டின் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

ஆண்கள் இருவரும் உள்ளே படியில் உட்கார்ந்தார்கள். வெளியறையில் ஹெல்மி சவுனா அடுப்பின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் இருந்தாள். பலகைச் சுவர் வழியே அவர்கள் பேச்சு நீராவியில் ஊறியதுபோல் கேட்டது.

"பெரிய கொம்புதான்," என்றான் அர்மாண்ட். கொஞ்ச நேரம் கழித்து, கேட்க வேண்டியதைக் கேட்டான். "எங்கடா விழுந்துச்சு?"

ரெய்னோ கரண்டியில் நீர் மொண்டு காய்ந்த கல்லின்மேல் ஊற்றினான். கல் சீறி அடங்கியது.

"ஹெரான் ஏரிக்கு அந்தாண்ட. சதுப்பெல்லாம் தாண்டி. ரொம்ப தூரம்."

"இந்தக் கால வச்சுக்கிட்டா?"

"உக்கார வசதியா இருந்துச்சு. கால நீட்டி வைக்கக்கூட ஒரு கட்டை. மேல சாக்கு போட்டு."

கல் மட்டும் மெல்ல முனகியது.

"ஏரிக்கு அந்தாண்ட அப்படி ஒரு இடம் இருக்குறது எனக்குத் தெரியாது," என்றான் அர்மாண்ட்.

"தெரிஞ்சா நீ வந்து உக்காந்துருவே."

"அடுத்த வருசம் போயி ஒரு பார்வை பாக்கணும்."

"பாரு, பாரு. உனக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்."

ஹெல்மி எழுந்து வீட்டுக்குள் போனாள். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பீச் பழப் பெட்டியையும் சோப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாகக் கிழித்து, ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டாள். அட்டை நன்றாக எரிந்தது.

"அடியே, சூடு போதும்," என்று உள்ளேயிருந்து ரெய்னோ கத்தினான். "வெந்துட்டோம்."

"இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு," என்றாள் ஹெல்மி.